கடற்கரை கொடி தூக்காத கோல்

தென்காசி மைதானத்தில் கடற்கரை கொடியைத் தூக்கினால், குற்றாலத்து ஐந்தருவியும் ஒரு நிமிஷம் விழாமல் நின்று, "என்ன, கோலா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி விழும். கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஐந்தும் நிற்காது, ஒன்றிரண்டு நிற்கும். சரி, அதுவும் நிற்காது. ஆனால் மைதானத்து ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது உண்மை. கடலைப் பொட்டலம் மடிக்கிறவனின் கை பாதி மடிப்பில் நின்றது உண்மை. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

பெயர்தான் கடற்கரை. அவர் கடலைப் பார்த்தது திருச்செந்தூருக்கு முடியிறக்கப் போன அன்றைக்கு மட்டும்தான். பிழைப்பு சைக்கிள் கடை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், புளியமரத்து ஓரமாக, தகரக் கூரை போட்ட கடை. சாரல் பிடித்துவிட்டால் அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார். மற்ற நாளில் பஞ்சர் ஒட்டுவார், கோட்டம் எடுப்பார்.

கோட்டம் எடுப்பதில்தான் அவர் பெயர் வாங்கினார். வளைந்துபோன சக்கரத்தைச் சுழலவிட்டு, எந்தக் கம்பியை இறுக்கினால் எந்தப் பக்கம் நேராகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்கள் சக்கரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், தலைதான் சுற்றும். கடற்கரை சக்கரத்தைப் பார்ப்பதில்லை. அதற்கும் பிரேக் கட்டைக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறதே, அதை மட்டும் பார்ப்பார். சந்து சுருங்குகிற இடத்தில் விரலை வைப்பார். கோணல் அங்கேதான் இருக்கும்.

அந்தக் கண்ணுக்காகத்தான் அவரைப் பந்தாட்ட மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தக் காலத்தில் நம் ஊர் மைதானத்தில் இரும்புக் கம்பமும் இல்லை, வலையும் இல்லை. இரண்டு கமுகு மரத்தை நட்டு, மேலே குறுக்குக் கட்டைக்குப் பதிலாகத் தென்னங்கயிறு கட்டுவார்கள். கயிறு தூரத்திலிருந்து தெரிய வேண்டுமே என்று பழைய வேட்டியைக் கிழித்து நாடா நாடாவாகத் தொங்கவிடுவார்கள். பந்து கயிற்றுக்குக் கீழே போனால் கோல், மேலே போனால் இல்லை. வலை இல்லாததால் பந்து எங்கே போனதென்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். அதற்குத்தான் கம்பத்தடியில் ஒரு ஆளை நிறுத்துவது. கோல் அம்பயர் என்று பெயர். அவர் பச்சைக் கொடியைத் தலைக்கு மேலே தூக்கினால் கோல். முழங்காலுக்குக் கீழே வீசினால் இல்லை. அவர் வீசிய பிறகு நடுவில் விசிலோடு ஓடுகிற ரெஃப்ரியும் மறுபேச்சுப் பேசக்கூடாது. 'கயிறே கணக்கு' என்று ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு கேப்டன்களும் கயிற்றைத் தொட்டுச் சொல்வது வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கயிறு தொய்யும். அதனால் கம்பத்துக்குப் பக்கத்தில் கயிற்றுப் பிரிக்குள் ஒரு குச்சியைச் செருகி வைத்திருப்பார்கள். இடைவேளையில் கோல் அம்பயர் போய்க் குச்சியை இரண்டு முறுக்கு முறுக்கினால் கயிறு பழையபடி விறைத்துக்கொள்ளும். அது அவர் வேலை. யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கடற்கரை பந்தைப் பார்க்க மாட்டார். கயிற்றையும் அதற்கு அப்பால் தெரிகிற வானத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பார். பந்து தானாக அந்த இடத்துக்கு வரும். கயிற்றுக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு கீற்று வானம் தெரிந்தால் மேலே; தெரியாவிட்டால் கீழே. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகிற சைக்கிள் சக்கரத்தில் கொசு உட்கார்ந்திருந்தால் வலப்புறமா இடப்புறமா என்று சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. கொசு நான் சேர்த்தது.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆனி மாதத்துக் கடைசி ஆட்டம். தென்காசிக்கும் ஆய்க்குடிக்கும். தென்காசிக்கு முன்னால் நின்று ஆடுகிறவன் சுந்தரபாண்டியன். கடற்கரையின் மச்சினன். மச்சினன் என்பது முறைக்குத்தான், வளர்த்தது பிள்ளையாக. தாய் இல்லாத பிள்ளை. குழல்வாய்மொழி கல்யாணமாகி வரும்போது அரைக்கால் சட்டையோடு அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தவன். அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. சைக்கிள் பாரில் உட்கார்த்தி அவனைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர் கடற்கரைதான்.

அந்த வருஷம் திருநெல்வேலியிலிருந்து ஒரு போலீஸ் அதிகாரி ஆட்டம் பார்க்க வந்திருந்தார். போலீஸ் டீமுக்கு ஒரு ஆள் வேண்டும். கடைசி ஆட்டத்தில் ஜெயிக்கிற பக்கத்திலிருந்து, முன்னால் நின்று ஆடுகிற ஒருத்தனை எடுத்துக்கொள்வதாகக் கமிட்டியிடம் சொல்லிவிட்டார். சேர்ந்துவிட்டால் காக்கிச் சட்டை, மாதாமாதம் சம்பளம், சாகிற வரைக்கும் சோறு. பாண்டியனுக்கு அடுத்த சித்திரையோடு வயது தாண்டிவிடும். இதை விட்டால் பஞ்சர் ஒட்டுகிற வேலைதான்.

அன்று காலை குழல்வாய்மொழி இட்டிலியை வைத்துவிட்டுக் கேட்டாள். "ஏங்க, இன்னைக்கு ஒரு நாளாவது நீங்க அந்தக் கம்பத்தடியில நிக்காம இருந்தா என்ன? ஊர்ல வேற ஆளா இல்ல?"

"நானும் அதத்தான் சொல்லிவிட்டிருக்கேன். வேற ஆளப் போடுவாவ."

பாண்டியன் சட்னியை வழித்துக்கொண்டே, "அத்தான் நின்னா என்னக்கா? நான் கயித்துக்குக் கீழதான அடிக்கப் போறேன். எவன் நின்னாலும் கொடி தூக்கித்தான ஆகணும்?" என்றான்.

"ஏலே, வாயால அடிச்சா கோல் கிடையாது. தின்னுட்டு எந்திரி," என்றார் கடற்கரை. அவருக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் அவர் அப்படிச் சிரித்துக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று குழல்வாய்மொழி சொல்வாள்.

மைதானத்தில் வேறு மாதிரி ஆகிவிட்டது. கொடி இல்லாமல் வேலியோரம் நின்ற கடற்கரையை ஆய்க்குடி கேப்டன் தில்லைநாயகம் தேடிக்கொண்டு வந்தான்.

"என்ன அண்ணாச்சி, கையில கொடியக் காணும்?"

"நம்ம வீட்டுப் பய ஆடுதாம்லா. நான் நிக்கது முறையில்லப்பா."

"அந்தக் கதையெல்லாம் வேண்டாம். நீங்க நிக்கலன்னா ஆய்க்குடி இறங்காது. வேற ஆளு நின்னா எங்க ஆளுவ சந்தேகப்படுவானுவ. உங்க மேல எங்களுக்குச் சந்தேகம் வருமா?"

ரெஃப்ரி இசக்கியப்பன், டிரில் மாஸ்டர், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே, "அவுங்களே கேக்காவ, பொறவு என்ன கடற்கரை, நில்லுமய்யா," என்றார். இப்படி மரியாதையாகப் பிடித்து உள்ளே தள்ளினால் எவன்தான் தப்பிக்க முடியும்? கடற்கரை கொடியை வாங்கிக்கொண்டார்.

அவர் கம்பத்தடிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆய்க்குடிக் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "மச்சான் கம்பத்தடியில, மச்சினன் பந்தடியில! குடும்பத்தோட வந்திருக்காவடோய்!" கூட்டம் முழுக்கச் சிரித்தது. தென்காசிக்காரர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள். கடற்கரைக்குக் காது மடல் சுட்டது. ஒரு வார்த்தை பதில் சொல்லியிருந்தால் போயிருக்கும். வார்த்தை உள்ளேயே தங்கிவிட்டது.

ஆட்டம் தொடங்கும்போதே மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. சாரல் நம் ஊரில் மழை மாதிரி விழாது. பொடிப்பொடியாகக் காற்றோடு வரும். நனைகிறோம் என்று தெரியாமலே நனைந்துவிடுவோம். கயிறும் அப்படித்தான் நனைந்தது. வேட்டிக் கிழிசல்கள் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்துத் தொங்கின. முதல் பாதியில் ஆளுக்கொரு கோல். பாண்டியன் அடித்தது எதிர்ப்பக்கக் கம்பத்தில், வேறொருவர் கொடியில். அதில் பேச்சில்லை.

இடைவேளை. இனிமேல் பக்கம் மாறும். தென்காசி அடிக்கப் போவது கடற்கரை நிற்கிற கம்பத்தை நோக்கி.

கடற்கரை நிமிர்ந்து பார்த்தார். கயிறு நடுவில் தொய்ந்திருந்தது. கொஞ்சமாக இல்லை. இரு கம்பத்து நுனியிலிருந்தும் இறங்கி, நடுவில் நல்ல ஒரு சாண் கீழே வந்திருந்தது. கோணலைப் பார்த்தே வயிறு வளர்க்கிற மனுஷனுக்கு இது தெரியாதா? குச்சியில் கையை வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி! கயித்த ரொம்பத் தூக்கிராதீய! மச்சினனுக்கு வாசப்படி பெருசாயிரும்!" அதே குரல். மறுபடியும் சிரிப்பு.

அவர் கை குச்சியிலேயே இருந்தது. முறுக்கினால் கயிறு ஏறும். கயிறு ஏறினால் கோல் வாசல் உயரும். உயர்த்தியது பாண்டியனுக்காக என்பார்கள். நாளைக்கு அவன் ஜெயித்துக் காக்கிச் சட்டை போட்டாலும், அத்தான் முறுக்கிக் கொடுத்த சட்டை என்பார்கள். முதல் பாதியில் ஆய்க்குடிக்காரன் அடித்தபோது இருந்த உயரத்துக்குக் கொண்டுவருவதுதான் நியாயம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் நியாயத்தைச் செய்கிற கையை அத்தனை பேரும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இசக்கியப்பன் தூரத்திலிருந்து எலுமிச்சம்பழத் துண்டைச் சப்பிக்கொண்டே கூப்பிட்டார். "என்ன கடற்கரை, கயிறு சரியா இருக்கா?"

கடற்கரை குச்சியிலிருந்து கையை எடுத்தார்.

"இருக்கு சார்."

கண்ணும் கொடியும் அவரை எந்தக் காலத்திலும் பொய் சொல்ல வைத்ததில்லை. ஊர் அவர்மேல் வைத்திருந்த மரியாதைதான் வைத்தது.

இரண்டாம் பாதி முடியப்போகிற சமயம். சாரல் கனத்துவிட்டது. சேற்றில் பந்து உருளாமல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. நடுவிலிருந்து யாரோ தட்டிக் கொடுத்ததைப் பாண்டியன் வலக்காலால் நிறுத்தினான். எதிரே ஒரே ஒரு ஆள். அவனுக்கு இடம் கொடுக்காமல், நின்ற இடத்திலிருந்தே ஓங்கி அடித்தான்.

கடற்கரை பந்தைப் பார்க்கவில்லை. கயிற்றையும் சாம்பல் நிற வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து வந்தது. கயிறு எங்கே அதிகமாகத் தொய்ந்திருந்ததோ, சரியாக அந்த இடத்தில் வந்தது. கிழிசல் ஒன்றுகூட அசையவில்லை. பந்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒரு கீற்று வானம் தெரிந்தது.

மேலே.

அதே கண், அதே நொடியில் இன்னொன்றையும் பார்த்தது. இரண்டு கம்பத்து நுனியையும் ஒரு கோட்டால் இணைத்தால், பந்து அந்தக் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. கயிறு விறைப்பாக இருந்திருந்தால் கோல்.

மைதானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அருவி நிற்கவில்லை. அன்றைக்கு நின்றிருந்தாலும் பிரயோஜனமில்லை. கடற்கரையின் கை முழங்காலுக்குக் கீழே இறங்கி வீசியது.

தென்காசிக்காரர்கள் ஓவென்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். இசக்கியப்பன் அவர்களை விலக்கிக்கொண்டு வந்து, "சந்தேகம் ஏதும் இருந்தா இப்பவே சொல்லிரும்," என்றார். கயிறு தொய்ந்திருக்கிறது, நான் முறுக்கவில்லை என்று சொல்ல அதுதான் சமயம். சொன்னால், மச்சினன் அடித்த பிறகு கயிற்றைக் குறை சொல்கிறான் பார் என்பார்கள்.

"சந்தேகம் இல்ல சார். மேல."

பாண்டியன் கத்தவில்லை. அத்தானைப் பார்க்கவும் இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்திக் கயிற்றைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு திரும்பி நடந்தான்.

கத்தப் போனவர்கள் இன்னும் தங்கள் இடத்துக்குத் திரும்பிச் சேரவில்லை. அதற்குள் ஆய்க்குடிக்காரர்கள் பந்தைக் கொண்டுபோய் அந்தப் பக்கம் கோல் போட்டுவிட்டார்கள். அதற்கு மேல் ஆட்டம் இல்லை. போலீஸ் அதிகாரி கோல் போட்ட ஆய்க்குடிப் பையனை அழைத்துத் தோளில் தட்டினார். பையன் நன்றாக ஆடியவன்தான். அவனைக் குறை சொல்ல வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் குழல்வாய்மொழி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மேலயா போச்சு?"

"கயித்துக்கு மேல."

"சரி." சோற்றை எடுத்து வைத்தாள். சண்டை போட்டிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகுதான் கடற்கரைக்குப் புகழ் வந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தில்லைநாயகம் வாழைத்தாரோடு கடைக்கு வந்து, எல்லோர் முன்னாலும் காலைத் தொடப் போனான். "சொந்த மச்சினனுக்கே கொடி தூக்காத மனுஷன்!" கீழப்பாவூரிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வரப்புத் தகராறோடு வந்து, "நீங்க சொன்னா சரி அண்ணாச்சி," என்று நின்றார்கள். சந்தையில், ரயிலடியில், முடி வெட்டுகிற இடத்தில், எங்கே போனாலும் இதே பேச்சு. கடற்கரை தலையைக் குனிந்துகொண்டு சக்கரத்தைச் சுழற்றுவார். அடக்கமான மனுஷன் என்று அதற்கும் ஒரு புகழ் சேர்ந்தது. ஊர் அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது. இறங்குவதற்கு வழி காட்டவில்லை.

பாண்டியன் அந்தப் பேச்சையெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து, ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே கேட்டான். ஆடி முடிவதற்குள் ஒரு காலையில் செங்கோட்டை ரயிலேறிவிட்டான். மலைக்கு அந்தப் பக்கம், கொல்லத்தில் ஒரு ஓட்டுக் கம்பெனியில் மண் மிதிக்கிற வேலை. பந்தடித்த கால், மண் மிதிக்கவும் ஆகத்தானே செய்யும். முதல் தீபாவளிக்கு வந்தான். அடுத்ததற்கும் வந்தான். அப்புறம் லாரிக்காரர்கள் யாராவது "உங்க தம்பியப் பாத்தேன், இளைச்சிருக்கான்," என்று சொல்வதோடு சரி.

கடற்கரை கம்பத்தடிக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்த ஊர் விடவில்லை. ஆனால் இடைவேளை விசில் ஊதியதும் முதல் ஆளாகக் குச்சியிடம் போய்விடுவார். முறுக்குவார், முறுக்குவார், கமுகு மரம் உள்ளே சாயும் வரை முறுக்குவார். ஒரு வருஷம் குச்சியே இரண்டாக ஒடிந்துபோனது. "அண்ணாச்சிக்கு வயசாக ஆக வேலையில சுத்தம் கூடிக்கிட்டே போகுது," என்று பார்த்தவர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

அறுபத்துநான்கில், சாரல் சமயத்தில், பாண்டியன் திடீரென்று வந்து நின்றான். நெற்றி ஏறியிருந்தது. பேச்சில் பாதி மலையாளம். அக்காவையும் அத்தானையும் பார்த்துவிட்டு மாலை ரயிலுக்குத் திரும்ப வேண்டும் என்றான். குழல்வாய்மொழி அவசர அவசரமாகத் தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்தாள், இலை போட்டாள்.

இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் கடற்கரை வாயைத் திறந்தார். ஏழு வருஷமாக உள்ளே கிடந்தது. "பாண்டி, அன்னைக்குக் கயிறு தொய்ஞ்சிருந்துது. நான் பாத்தேன். முறுக்கப் போய் முறுக்காம விட்டுட்டேன். அவனுவ சிரிச்சானுவ, அதான்."

பாண்டியன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். "அந்தக் கயிறா அத்தான்? அது எப்பவோ இத்துப் போயிருக்கும்லா! இன்னுமா அதக் கட்டிக்கிட்டு அழுதிய?" என்றான். இரண்டாம் முறை சொதி வாங்கிச் சாப்பிட்டான். அக்கா மறுபடி ஊற்றப் போனபோது, "மதி அக்கா, மதி," என்று இலையை மறைத்தான். பிறகு ஒரே சைக்கிளில், சின்ன வயதில் போனது போலவே பாரில் அவனை உட்கார்த்திக் கடற்கரை குற்றாலத்துக்கு மிதித்தார். இரண்டு பேரும் பேரருவிக்குக் கீழே தோளோடு தோள் நின்றார்கள். அத்தனை வருஷத்துச் சேறும் இறங்கிப் போகிற வரைக்கும் நின்றார்கள்.

இதுவரை எழுதி நான் வாசித்துக் காட்டியபோது, குழல்வாய்மொழி பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஏட்டி, அருவிக்கெல்லாம் அவங்க போகல்ல. அவன் சோத்துல கையே வைக்கல்ல. இவரு சொல்லி முடிச்சதும் இலையத் தள்ளி வச்சான். 'தொய்ஞ்சிருந்தது எனக்கும் தெரியும் அத்தான். நீங்களா சொல்லுவியன்னு அன்னைக்குப் பூரா பாத்துக்கிட்டு இருந்தேன்'னான். எந்திரிச்சுப் போயிட்டான். ரயிலு சாயங்காலந்தான். அதுவரைக்கும் ஸ்டேஷன்ல சாரல்ல நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தானாம், பாத்தவங்க வந்து சொன்னாவ. நான் போய்க் கூப்பிட்டேன், வரல்ல. பொறவு இவரு கண்ண மூடினப்ப கொல்லத்துக்கு ஆள் விட்டுச் சொன்னோம், அதுக்கும் வரல்ல. நீ என்னமும் எழுதிக்கோ. அவன் சிரிச்சான்னு மட்டும் எழுதாத."